தீவுக்குள் தீவுகள்

சென்ற தவணையில் ஒரு நாள் வகுப்பிலே சொற்பொருள் விளக்கிக்கொண்டிருந்தேன். ‘தீவு’ என்னுஞ் சொல் வந்தது. வடமொழியில் ‘த்வீபம்’ என வழங்குவதே தமிழில் தீவு ஆயிற்று என்றும், ஆற்றிடைக் கிடக்கும் திட்டுக்குத் துருத்தி, அரங்கம் முதலிய பெயர்கள் உண்டு என்றும், தெலுங்கு நாட்டார் கோதாவரி ஆற்றின் நடுவேயுள்ள திட்டுக்களை இன்றும் ‘லங்கை’ என்றே அழைக்கின்றனர் என்றும் கூறினேன். பின்னர், “நாற்புறமும் நீராற் சூழப்பட்ட நிலம் தீவு” என்று பலகையில் எழுதினேன். கடைசி வாங்கிலிருந்த மாணவன் ஒருவன் எழுந்தான்.

“சேர், எங்கட வாப்பா காவலிருக்கிற வட்டைக்கு அங்கால ஒரு துண்டுக் காடு கிடக்கு. அதச் சுத்தி நாலு பக்கமும் வயல்தான். அதுவும் தீவா?”

வகுப்பு நகைத்தது. யான் நகைக்கவில்லை. அச்சிறுவனின் தந்தை வயற்காவலர். இரண்டாண்டுகளுக்கு முன்னர், அறுவடைக் காலத்து இரவொன்றில் யானை தாக்கிக் கால் முறிந்து பல மாதம் பாயிற் கிடந்தவர். அந்த யானை வந்தது அவன் சொன்ன துண்டுக் காட்டினின்றே. இவையெல்லாம் அறிந்திருந்தும், “அகராதிப்படி அது தீவாகாது” என்று கூறி அவனை இருத்திவிட்டேன். இலக்கணப்படி அவ்விடை பிழையன்று. ஆயினும் அன்று தொட்டு அது என் நெஞ்சை உறுத்திக்கொண்டேயிருக்கிறது. அன்று அவனுக்குச் சொல்லியிருக்கவேண்டிய விடையையே ஈண்டு எழுதுகின்றேன்.

நீர் சூழ்ந்திருத்தல் தீவின் புறவிலக்கணம். அதன் அகவிலக்கணம் வேறொன்று. போக்கும் வரவும் அறுதலே அது. புறத்தேயிருந்து புதியவை வந்து சேர்தல் அரிது; உள்ளே உள்ளவை வெளியேறிப் பிழைத்தல் அதனினும் அரிது. இவ்விரு அருமைகளும் நெடுங்காலம் நிலைபெறுமாயின் உயிர்கள் மாறத் தொடங்கும். காற்றினாலோ மிதக்கும் மரத்தினாலோ தற்செயலாய் வந்தடைந்த ஓரினம், தாயகத்து உறவோடு கலக்க வழியின்றித் தன் போக்கிலே தலைமுறை தலைமுறையாய்ப் பெருகும். தாயகத்தில் அதனை வேட்டையாடிய பகை ஈண்டு இல்லாமற் போகலாம். உணவும் உறைவிடமும் வேறாகலாம். அவற்றுக்கேற்ப அலகு மாறும், நிறம் மாறும், உரு சிறுக்கும் அல்லது பெருக்கும். ஈற்றில் அஃது உலகில் வேறெங்கும் இல்லாததோர் இனமாகிவிடும். விஞ்ஞான ஆசிரியர்கள் ‘கூர்ப்பு’ என்று கற்பிப்பது இதனையே. 1835ஆம் ஆண்டிலே கலாபகோஸ் தீவுக் கூட்டத்துக்குச் சென்ற டார்வின், தீவுக்குத் தீவு வேறுபட்ட பறவைகளைக் கண்டார். பிற்காலத்தில் அவர் கொள்கை உருவாவதற்கு அக்காட்சி பெரிதும் உதவிற்று. அவர்காலத்து அறிஞராகிய வாலஸ், தீவக உயிர்கள் பற்றி 1880இல் தனி நூலே எழுதி வெளியிட்டார்.

தீவு தன் உயிர்களுக்கு ஈந்த வாழ்வே அவற்றின் வீழ்ச்சிக்கும் வாயிலாகிவிடுவதுண்டு. மொரிசியஸ் தீவின் டோடோப் பறவையை அறியாதார் இலர். அது புறாவின் சுற்றம். பகையில்லா நிலத்திலே பறக்கவேண்டிய தேவை இன்மையால் பறத்தலை இழந்தது, நிலத்திலே முட்டையிட்டது, மனிதனைக் கண்டு அஞ்சவும் கற்கவில்லை. ஒல்லாந்தர் அங்கே 1598இல் இறங்கினர். ஐயத்துக்கிடமின்றி அப்பறவை கடைசியாகக் காணப்பட்டது 1662இல் என்பர். அறுபத்து நான்கு ஆண்டுகளில் கதை முடிந்தது. மனிதன் கொன்று தின்றமை மட்டும் அதற்குக் காரணமன்று. கப்பலிற் கூடவந்த பன்றியும் எலியும் குரங்கும் முட்டைகளை அழித்தன. ஒரு கண்டத்திலே ஓரினம் ஒரு மூலையில் அழிந்தால் மற்றொரு மூலையிலே அது எஞ்சக்கூடும். தீவிலே அழிந்ததற்கு மற்றொரு மூலை இல்லை.

நம் நாட்டின் கதை இன்னும் வியப்புடையது. பாக்குநீரிணை ஆழங் குறைந்த கடல். பனியூழிக் காலங்களிற் கடல்மட்டம் இன்றுள்ளதினும் நூறு மீற்றருக்கு மேல் தாழ்ந்தபோதெல்லாம் இலங்கையும் இந்தியாவும் ஒரே நிலமாயிருந்தன. இறுதியாக அவை பிரிந்து பத்தாயிரம் ஆண்டளவே ஆகிறது. நிலப்பாலம் பலமுறை தோன்றி மறைந்தது உண்மையாயின், இக்கரை உயிர்களும் அக்கரை உயிர்களும் ஒன்றாகவே இருக்கவேண்டுமன்றோ? யானை, சிறுத்தை முதலிய பேருயிர்கள் பெரும்பாலும் அவ்வாறே. ஆயின் சிற்றுயிர்களை நோக்குங்கள். நம் நாட்டுப் பூக்குந் தாவரங்களில் ஏறத்தாழ நான்கிலொன்று உலகில் வேறெங்கும் இல்லை. நன்னீர் மீனினங்களில் அரைவாசிக்கு மேல் நமக்கே உரியன. தரைவாழ் நத்தைகளில் ஐந்தில் நான்கு பங்கு அத்தகையனவே.

இதன் காரணத்தை 2004ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வொன்று தெளிவாக்கிற்று. தவளை, நன்னீர் நண்டு, மண்ணுட் பாம்பு முதலியவற்றின் மரபணுக்களை மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் எடுத்து ஒப்பிட்டபோது, நம் ஈரவலயத்து உயிர்கள் பல, பாலம் இருந்த காலத்திலும் அக்கரையோடு பெரிதும் கலவாது தனித்தே வளர்ந்தன என்று தெரியவந்தது. மழைக்காட்டு ஈரத்திலே வாழும் தவளைக்கு வறண்ட சமவெளி கடலுக்குச் சமம். பாலம் இருந்தும் அதனால் அதைக் கடக்க இயலவில்லை. சிங்கராஜ வனமும் மத்திய மலைநாட்டுக் காடுகளும் வறண்ட நிலத்தினாற் சூழப்பட்ட தீவுகளாய் இத்தீவினுள்ளேயே நெடுங்காலம் இருந்திருக்கின்றன.

ஆகவே நிலத்தினாற் சூழப்பட்ட நிலமும் தீவாகலாம் என்பதை இயற்கையே ஒப்புக்கொண்டுவிட்டது. கடைசி வாங்கு மாணவனின் வினாவுக்கு விடை ‘ஆம்’ என்பதே. நம் முன்னோரும் இதனை உணர்ந்திருந்தனர் போலும். கல்முனைக்குத் தெற்கே சில கல் தொலைவில் உள்ள காரைதீவுக்குச் செல்ல எவரும் தோணி ஏறுவதில்லை. கிழக்கே கடலும் மேற்கே வயல்வெளியுமாய்க் கிடக்கும் அவ்வூருக்குத் தீவென்றே பெயர் வழங்குகிறது.

அந்த மழைக்காட்டுத் தவளைகளைப் பற்றி இன்னுமொரு செய்தி. அவற்றுட் பல நீரிலே முட்டையிடுவதில்லை, வாற்பேயாக நீந்துவதுமில்லை. ஈரமண்ணிலும் இலையிலும் இட்ட முட்டையினின்று நேரே சிறு தவளையாக வெளிவருகின்றன. அவ்வினங்களிற் பதினைந்துக்கு மேற்பட்டவை இன்று உலகில் இல்லை. நூறாண்டுகளுக்கு முன்னர் போத்தலில் அடைத்து வைக்கப்பட்ட உடல்களாகவே அவை எஞ்சியிருக்கின்றன. ஓரிரண்டு மட்டும் மீளக் கண்டுபிடிக்கப்பட்டன. மலைநாட்டுக் காடுகள் கோப்பித் தோட்டமாகவும் தேயிலைத் தோட்டமாகவும் மாறியபோது அத்தவளைகளுக்கு ஒதுங்க இடமில்லாமற் போயிற்று. அவை இருந்தன என்பதையும் இறந்தன என்பதையும் அவ்விடத்தார் அறிந்தார் அல்லர். நம் பெருநிகண்டுகள் அக்கரையிலே செய்யப்பட்டவை. அக்கரையில் இல்லாத உயிருக்கு அவற்றிலே பெயர் இராது. இங்கன்றி எங்கும் வாழாத உயிருக்கு இங்கன்றி எங்கும் பெயர் பிறவாது. பெயரிடாத ஒன்றை இழந்தால், இழந்தோம் என்பதும் நமக்குத் தெரிவதில்லை.

நிற்க. மழைக்காடு நமக்குத் தொலைவு. நம் கீழ்க்கரைக்கு வருவோம்.

பட்டிப்பளை ஆற்றை மறித்துக் கல்லோயாத் திட்டம் 1949இல் தொடங்கிற்று. இங்கினியாகலையில் அணை எழுந்தது. சேனாநாயக்க சமுத்திரம் உண்டாயிற்று. அதன் நீரினாலே விளைந்த நெல்லை உண்டு வளர்ந்தவர்களுள் யானும் ஒருவன். ஆதலின் அத்திட்டத்தைப் பழிக்க எனக்கு உரிமையில்லை. பள்ளத்தாக்கு நீரில் மூழ்கியபோது குன்றுகளின் தலைகள் தீவுகளாயின. சூழ்ந்த காடு 1954இல் தேசிய பூங்காவாக்கப்பட்டது. ஆண்டுக்கொருமுறை மாணவரை அழைத்துச் சென்று யான் காட்டும் காட்சி ஒன்றுண்டு. யானைகள் துதிக்கையை நீருக்கு மேலே உயர்த்தியவண்ணம் ஒரு தீவினின்று மற்றொரு தீவுக்கு நீந்திச் செல்லும். கன்றும் தாயின் பக்கத்தே நீந்தும். காண்போர் வியந்து படமெடுப்பர். யானும் முன்னர் வியந்தே நின்றேன். இப்போது அக்காட்சியில் வேறொன்று தோன்றுகிறது. யானை நீந்தவல்லது, ஆதலாற் பிழைக்கிறது. நீந்தமாட்டாத சிற்றுயிர்கள் அத்தீவுகளில் எத்தனை?

தாய்லாந்து நாட்டிலே 1980களில் இவ்வாறே ஓர் அணை கட்டப்பட்டது. மழைக்காட்டுக் குன்றுகள் நூறளவில் தீவுகளாயின. ஆய்வாளர் அத்தீவுகளின் சிறு பாலூட்டிகளை எண்ணினர். இருபது ஆண்டுகளின் பின் மீண்டுஞ் சென்று எண்ணினர். காட்டுக்குரிய சிற்றுயிர்கள் ஏறத்தாழ முற்றாகவே மறைந்திருந்தன. எங்கும் நிறைந்திருந்தது புறத்தேயிருந்து வந்த எலியினம் ஒன்றே. மரங்கள் நின்றன, காடு பசுமையாகவே தோன்றிற்று, உள்ளே உயிர் இல்லை. தீவு சிறிதாகுந்தோறும் தொலைவாகுந்தோறும் அதில் நிலைக்கும் இனங்கள் குறையும் என்பதை மாக் ஆதரும் வில்சனும் 1967இல் வெளியிட்ட நூலிலே கணித முறையால் நிறுவினர். அவ்விதி கடலுக்கு மட்டும் உரியதன்று. வயல் சூழ்ந்த காட்டுக்கும் வீதி சூழ்ந்த சதுப்புக்கும் அதுவே விதி.

அம்பாறைக் கரையிலே அவ்விதி நம் கண்முன் நடைபெறுகிறது. தொல்காப்பியர் மா, மரம், புள் முதலியவற்றைக் கருப்பொருள் என்றார். அவற்றை நிலத்தோடு சேர்த்தே வகுத்தார். நெய்தற் புள்ளைக் குறிஞ்சியிற் பாடினால் அதற்கு அமைதி கூறவேண்டும் என்று நாம் கற்பிக்கின்றோம். கல்முனைக் கடற்கரையினின்று மேற்கே நோக்கி நடப்பவன், நெய்தலையும் மருதத்தையும் முல்லையையும் ஒரே நாளிற் கடந்து இங்கினியாகலைக் குன்றின் அடியிலே குறிஞ்சியைத் தொட்டுவிடலாம். இத்துணைச் செறிவாகத் திணைகள் அடுக்கிக் கிடக்கும் நிலம் அரிது. ஆயினும் சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் பிறந்த மாணவரிடம் ஒரு மருதமரத்தைக் காட்டுக என்றால் விழிக்கின்றனர். தில்லையாறு ஓடுகிறது, தில்லை எது, கண்டல் எது என்று வேறுபாடு கூறுவார் ஒரு வகுப்பில் இருவர் இலர். கரைவாகு வாய்க்கால்களை மூடிக் கிடக்கும் ஆற்றுவாழையை மட்டும் எல்லாரும் அறிவர். அது தென்னமெரிக்காவினின்று அழகுக்காக இந்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட செடி. அதன் பெருக்கத்தை அடக்க 1909இலேயே சட்டம் இயற்றவேண்டியதாயிற்று. இன்னும் அது அடங்கவில்லை.

புறத்தேயிருந்து வந்தவையெல்லாம் தீயன என்று கூறமாட்டேன். ஆபிரிக்க நீர்நிலைகளுக்குரிய திலாப்பியா மீன் 1952இல் நம் குளங்களில் விடப்பட்டது. இன்று அது ஏழையின் கறி. நமக்கு நன்மை செய்தவற்றைக் கொண்டாடுவோம். ஆனால் தீவின் வாயிலைத் திறக்குமுன் ஒருமுறைக்கு இருமுறை எண்ணவேண்டும். திறந்த பின் அடைத்தல் அரிது.

இனி யானைக்கு வருவோம். 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நாட்டிலே 5,879 யானைகள் எண்ணப்பட்டன. 2019ஆம் ஆண்டில் மட்டும் 400 அளவான யானைகள் இறந்தன. நூற்றுக்கு மேற்பட்ட மனிதர் யானையால் இறந்தனர். இவ்விரு எண்களையும் சேர்த்தே படிக்கவேண்டும். முன்னதை மட்டும் படிப்பவர் காவற்பரணில் இரவைக் கழித்தறியாதவர். பின்னதை மட்டும் படிப்பவர், யானை ஏன் ஊருக்குள் வந்தது என்று வினவாதவர்.

அது வருவதற்கு நாமே வைத்த அழைப்பு ஒன்றுண்டு. அம்பாறை மாவட்டத்துப் பள்ளக்காட்டிலே ஒரு குப்பைமேடு. சுற்றியுள்ள ஊர்களின் கழிவு அங்கே கொட்டப்பட்டது; காட்டு யானைகள் கூட்டமாக வந்து அதைக் கிளறி உண்டன. எட்டாண்டுக் காலத்தில் ஏறத்தாழ 20 யானைகள் இதனால் இறந்தன என்னுஞ் செய்தி 2022 தை மாதத்தில் உலகப் பத்திரிகைகளிலெல்லாம் வெளிவந்தது. இறந்தவற்றின் வயிற்றைக் கீறிப் பார்த்த மிருக வைத்தியர், பொலித்தீனும் உணவு சுற்றிய உறைகளும் கண்டார். யானைக்குரிய இயல்பான உணவு எதனையும் காணவில்லை. அப்படத்தை யானும் பார்த்தேன். வெளியூரார் அதைப் பார்த்து இரங்கியிருப்பர். எனக்கு நாணமே உண்டாயிற்று. என் வீட்டுப் படலையிலே யான் கட்டி வைத்த பையும் அத்தகைய ஒரு மேட்டுக்கே போயிருக்கும். எந்த அலுவலகத்தைக் குறை கூறுவதற்கும் முன்னர் அந்தப் பையின் முடிச்சை அவிழ்த்துப் பார்க்கவேண்டும்.

“யானை பெரிதோ, மனிதன் பெரியனோ?” என்று என் நண்பர் ஒருவர் சினந்து வினவினார். அவருக்கு வயலுண்டு, இரவில் யானைவெடி கொளுத்தி விழித்திருந்த அநுபவமும் உண்டு. அவருடைய சினம் நியாயமானது, வினாத்தான் பிழையானது. காட்டைச் சிறு சிறு துண்டாக்கி, துண்டுகளுக்கிடையேயிருந்த வழிகளை அடைத்துவிட்டால் யானை வயலினூடே நடப்பதன்றி வேறு செய்வதற்கில்லை. யானையை வேலிக்குள்ளே காட்டில் அடைத்துவிடலாம் என்பர் சிலர். அடைத்த காட்டிலே உணவு குன்றும்; குன்றினால் அது மெலியும் அல்லது வேலியை உடைக்கும். அறிஞர் குழுவொன்று 2020இல் அரசுக்குத் தயாரித்த திட்டம் இதற்கு மாறான வழியைக் காட்டிற்று: காட்டுக்கு வேலி வேண்டாம், ஊருக்கும் வயலுக்கும் வேலியிடுக, வயல்வேலியை விதைப்புக் காலத்தில் எழுப்பி அறுவடை முடிந்ததும் நீக்கிவிடுக, எஞ்சிய தாளை யானை மேய்ந்து போகட்டும். வேலியைக் காக்கும் பொறுப்பு அவ்வூராருக்கே இருக்கட்டும் என்பதும் அதன் கருத்து. இதைவிட எளிய நியாயம் வேறில்லை. நெல் நிற்கும் மாதங்களில் நிலம் நமது; தாள் நிற்கும் மாதங்களில் அதனுடையது. பெரும்போகமும் சிறுபோகமும் அறிந்த நமக்கு இக்கணக்கு விளங்காததன்று.

ஆசிரியர்களாகிய நாம் என் செய்யக்கூடும்? வேலி எழுப்புதல் நம் தொழிலன்று. பெயர் கற்பித்தல் நம் தொழில். ஒவ்வொரு பாடசாலையும் தன் ஊரின் கருப்பொருட் பட்டியல் ஒன்றை எழுதிவைக்கட்டும். கரைவலை இழுப்பவரிடம் மீன்களின் பெயரையும், களப்பிலே தூண்டிலிடும் முதியவரிடம் கண்டல் வகைகளின் பெயரையும், காவற்காரரிடம் இரவுப் பறவைகளின் பெயரையும் மாணவர் கேட்டெழுதட்டும். அம்முதியவர்கள் அறிந்த பெயர்கள் எந்த அகராதியிலும் ஏறாதவை, அவர்களோடு மறையக்கூடியவை. பின்னர் உயிரியல் ஆசிரியரும் தமிழாசிரியரும் ஒன்றாக இருந்து, எப்பெயர் எவ்வுயிருக்குரியது என ஒப்புநோக்கட்டும். ஐந்திணை பரீட்சைக்குரிய பாடமாக மட்டும் நிற்காமல், அடுத்த ஆண்டு எப்பறவை வரவில்லை என்று சொல்லவல்ல அறிவாக மாறட்டும்.

சென்ற வாரம் அந்த வயற்காவலர் வீட்டுக்குச் சென்றிருந்தேன். கால் இன்னும் செவ்வையாகவில்லை; எனினும் மீண்டும் காவலுக்குப் போகின்றார். தேநீர் தந்தார். யானையின்மீது சினமுண்டோ என்று வினவினேன். சற்று நேரம் பேசாதிருந்து, “அதுக்கும் போக இடமில்ல சேர், எனக்கும் போக இடமில்ல” என்றார்.

மறுநாள் வகுப்பிலே பழைய விளக்கத்தை அழிக்காமல் அதன் கீழே இன்னுமொரு வரி எழுதினேன்: “போக வேறிடம் இல்லாத உயிர் வாழும் நிலமும் தீவு.” கடைசி வாங்கு மாணவன் அதைத் தன் கொப்பியில் எழுதிக்கொண்டான். இம்முறை வகுப்பு நகைக்கவில்லை.